கால் மாத்திரை

சான்று எண் பதினொன்று
பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது.
பையில் ஒட்டிய சீட்டு அதைவிடப் பெரிது.
பீல் நகரத்தில் கடிகாரம் செய்த எவரோ
ஓய்வு நாள்களில் கடைந்த ரிவால்வராம்.
குழலின் நீளம் இருபத்தொன்பது மில்லிமீட்டர்,
என் கட்டைவிரலின் மேற்கணு.

நிபுணர் ரெகூலா ஆம்ஷ்டுட்ஸ்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசிக்கிறார்.
நான் அதைத் தமிழாக்கி
குகதாசனின் இடது காதில் ஊற்றுகிறேன்.

முப்பது தோட்டா போட்டுப் பார்த்தோம்.
ஏழு வெடிக்கவில்லை.
சுத்தியலின் வில் களைத்திருக்கிறது,
தட்டுகிறது, தோட்டா விழிப்பதில்லை.
வெடித்ததில் இரண்டு
படுத்துப் புரண்டபடி போய்
தாளைச் சாவித் துவாரம்போலக் கிழித்தன.
இரும்புப் பிடியில் இறுக்கி ஐந்து மீட்டரில் சுட்டும்
சிதறல் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு.
கையில் பிடித்தால் கேட்க வேண்டாம்,
இரண்டு விரலுக்குத்தான் அதில் இடம்.

முன்குறியும் பின்குறியும் அவ்வளவு நெருக்கம்.
இங்கே ஒரு மில்லிமீட்டர் சரிந்தால்
அங்கே ஒரு சாண்.

சாண் என்று அவர் சொல்லவில்லை.
பதினேழு சென்டிமீட்டர் என்றார்.
என் சாணுக்கு இன்னும் மூன்று கூட.
கை உயர்த்தித் திருத்தினேன்.
சம்பளம் அதற்குத்தான்.

உணவக முதலாளி ஊர்ஸ் கிகாக்ஸ்
முந்தாநாளே சொல்லிவிட்டார்:
பயமுறுத்தத்தான். வேண்டுமென்றே விலக்கிச் சுட்டேன்.
தோட்டா பால் வைக்கும் பிரிட்ஜின் கதவில் நுழைந்தது.
குகதாசன் நின்றது அதற்கு இடப்புறம்,
கையில் கழுவின கரண்டிகள்.

இதை வைத்து வேண்டுமென்றே விலக்க முடியுமா,
நீதிபதி கேட்கிறார்.
இதை வைத்து வேண்டுமென்று எதுவுமே முடியாது, மேடம்.
பட்டாலும் விலகினாலும்
அது அதன் பாட்டுக்குச் செய்தது.

அப்படியென்றால் சுட்டவரின் மனம் எங்கே பார்த்தது?
இயந்திரம் கைவிரித்துவிட்டது.
இனி சாட்சியின் வாய்தான்.

குகதாசன் எழுந்தார்.
"அவர் என்ர பக்க... வெடி வச்சவர்."

நடுவில் ஒரு துண்டை விழுங்கிவிட்டார்.
பக்கம் என்றால் என்னை நோக்கி.
பக்கத்தில என்றால் எனக்கு அருகே.
முதலாவதற்கு ஐந்து வருடமாவது,
இரண்டாவதற்கு அபராதமும் வீட்டுக்கு வழியும்.
ஜெர்மனில் இவை ஒன்றையொன்று
முகம் பார்த்திராத சொற்கள்.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
வேண்டாவெறுப்பாக மனனம் செய்தேன்:
வகரத்தின் முன் மகரம் குறுகும்,
கால் மாத்திரை.
அந்தக் கால் மாத்திரைக்குள்
ஒருவரின் ஐந்து வருடம்.

அனுமதி வாங்கி, மறுபடி கேட்டேன்.

குனிந்து, எனக்கு மட்டும் என்று நினைத்து,
"அக்கா, எதைச் சொன்னா கடை பூட்டாமல் இருக்கும்?
மூண்டு மாசச் சம்பளம் நிக்குது."

இந்த அறையில் சொன்னதெல்லாம்
பெயர்க்கப்பட வேண்டும். சத்தியம் செய்திருக்கிறேன்.
அக்கா என்பதைக்கூட விடாமல் பெயர்த்தேன்.
யாரும் இருமவில்லை.
தட்டச்சு செய்பவரின் விரல்கள்
ஒரு நொடி பிந்தி, பிறகு மொத்தமாகப் பெய்தன.
கிகாக்ஸ் தன் உள்ளங்கையை
மெனு அட்டைபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முப்பதுக்கு ஏழு.
என்னை யாரும்
இரும்புப் பிடியில் இறுக்கிச் சோதித்ததில்லை.
பதினாறு வருடம்,
எத்தனை வாக்கியம் படுத்துப் புரண்டு போனதோ,
தாள்கள் எங்கோ ஆவணக் காப்பகத்தில்.

இருபது நிமிட இடைவேளை.
நடைக்கூடத்தில் காப்பி இயந்திரம்
காசை விழுங்கிக்கொண்டு கோப்பை தர மறுத்தது.
குகதாசன் அதன் விலாவில் ஒரு குத்து விட்டார், வந்தது.
"அந்த பிரிட்ஜ் இப்பவும் நல்லாக் குளிருது அக்கா.
ஓட்டையில டேப் ஒட்டியிருக்கு.
நான் செய்தது பிழையே?"

வெளியே கட்சிக்காரரோடு பேச
எனக்கு அனுமதியில்லை.
தலையை
எந்தப் பக்கமும் ஆட்டவில்லை.